மூடி திறக்காத பேட்டரி

நாயுடுபுரத்தில் மரியம் பீவியின் கடைக்குச் சார்ஜுக்கு வருவதெல்லாம் மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் லாரி, டிராக்டர் பேட்டரிகள்தான். புருஷன் சவுதிக்குப் போனபிறகு, கொழுந்தன் பாவாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளே கடையைப் பார்த்தாள்.

எண்பத்தாறாம் வருஷ மழையில் மலைக்கிராமமான போளூரின் நர்ஸ் சுந்தராம்பாள் ஒரு சாம்பல் நிறப் பேட்டரியோடு வந்தாள். பிரசவ அறை விளக்குக்காக மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. உள்ளே ஆசிட் கூழ்போல உறைந்திருக்கும், பஸ்ஸில் சாய்ந்தாலும் சிந்தாது. மூடியைத் திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, பதினாலு வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அங்கே சொல்லியிருந்தார்கள். காற்றில் மரம் விழுந்து போளூரில் கரண்ட் இல்லை. அங்கே இருளாயி என்ற பெண் நிறைமாதம். சாயங்கால பஸ்ஸுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு சுந்தராம்பாள் மருந்து வாங்கப் போனாள்.

மரியம் பீவி அதைத் தனியாக, மெதுவாக ஏறும்படி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். பாவாவுக்குப் பொறுக்கவில்லை. நர்ஸம்மா பஸ்ஸை விட்டுவிடுவாளே என்று லாரி பேட்டரிகளோடு சேர்த்து மாட்டிக் கரண்டைக் கூட்டினான்.

மரியம் பீவி திரும்பி வந்தபோது பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருந்தன. சீறல் கேட்டது. பாவா திருப்புளியோடு குனிந்திருந்தான்.

"தண்ணி வத்திருச்சு போல மதினி. திறந்து ஊத்திரவா?"

"தொடாதே. தள்ளி நில்லு."

கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறந்து, கசிந்த வாயு பற்றிக்கொள்ளும். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தாள், கதவு ஜன்னலெல்லாம் திறந்தாள். சீறல் அடங்கிய பிறகுதான் கிளிப்பைக் கழற்றினாள்.

சுந்தராம்பாள் வந்ததும் மரியம் பீவி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். புடைத்ததை இனிமேல் பிரசவ அறையில் வைக்கக் கூடாது, தப்பு எங்க கடையோடது என்றாள். சுந்தராம்பாள் திட்டவில்லை.

"இருளாயிக்கு நான் என்ன வெளிச்சத்தைக் காட்டுறது?" என்று மட்டும் கேட்டாள்.

சார்ஜ் ஏறிய லாரி பேட்டரி ஒன்று இருந்தது. அந்த விளக்குக்கு அதுவும் பொருந்தும். ஆனால் ஆசிட் சிந்தும் என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அப்போது பாவா, "நான் கொண்டு போறேங்க" என்றான். போளூருக்குக் காலியாகத் திரும்பும் கேரட் லாரியில் அவனும் சுந்தராம்பாளும் ஏறினார்கள்.

வளைவுக்கு வளைவு பேட்டரி சாயப் பார்த்தது. பாவா பின்னால் உட்கார்ந்து, அதை முழங்காலுக்கு நடுவே இடுக்கி நிமிர்த்திப் பிடித்திருந்தான். தெறித்த ஆசிட் கைலியைத் தின்று தொடையில் எரிந்தது. சுந்தராம்பாள் லாரியை ஓடைப் பக்கம் நிறுத்தச் சொல்லி, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். ஊற்றும்போதும் அவன் பேட்டரியை விடவில்லை.

அந்த வெளிச்சத்தில்தான் இருளாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். பார்த்து எடுத்ததால் தப்பியது என்று சுந்தராம்பாள் பாவாவிடம் வந்து சொன்னாள்.

மிஷன் புதுசு அனுப்பும்வரை லாரி பேட்டரி போளூரிலேயே இருந்தது. புதுசு முதல் தடவை சார்ஜுக்கு வந்த அன்று, பாவா அடிக்கடி மீட்டரைப் பார்த்து, பக்கவாட்டில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். ஆயிருச்சா என்று கேட்டாள் சுந்தராம்பாள்.

"இன்னும் இல்லீங்க. நாளைக்கு வெள்ளனே வாங்க" என்றான்.