வலது பக்கமும் ஒரு பல்

"டார்ச்சை நேரா பிடி. என் மூஞ்சிலயா கம்பி இருக்கு?" என்றார் கோதண்டபாணி. மனைவி ஸ்ரீலக்ஷ்மியிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் வந்தபோது, கழற்றி வைத்த சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு டாக்டர் வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார்.

அந்த மயிலாப்பூர் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழி, பக்கத்துச் சந்து. அதை அடைத்துக்கொண்டு அவருடைய பழைய பீட்டில் கார் ஜாக்கி மேல் நின்றது. அதன் பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். சக்கரத்தைத் தாங்கும், பல் வெட்டிய முறுக்குக் கம்பியின் பிடியைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கம் கழன்று கிடந்தது. வண்டியை நகர்த்தாமல் அவரைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கிளம்பியாகணும்" என்றார் காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார்.

பெசன்ட் நகரில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பர் ஜெயராம், கொண்டுவந்த மாலையை ஓரமாக வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பழைய பல்லுலயே மாட்டிடுங்கோ. அப்புறமா இடது பக்கத்தையும் ஏத்தி வித்துடலாம்" என்றான் கோதண்டபாணியின் தம்பி சந்திரமௌலி. "மழை பெஞ்சா தெருவுல முட்டளவு ஜலம். அண்ணா காரைத் தாழ்த்திண்டிருந்தார்."

ஜெயராம் ஸ்ரீலக்ஷ்மியிடம் திரும்பினார். "மன்னி, எந்தப் பல்?"

அவள் சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். "இடது பக்கம் ஒரு பல் இறக்கியிருக்கார். வலது பக்கமும் ஒரு பல்."

"மன்னி, இப்ப அதுவா முக்கியம்?" என்றான் சந்திரமௌலி.

"வண்டி கோணலா நிக்கறப்ப அவரை அனுப்ப மாட்டேன்."

"ரெண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு ஜெயராம் வண்டிக்கடியில் போனார்.

தோள் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் ஜாக்கியை அழுத்தினார். "தாழ்த்தினா மைலேஜ் கூடுமோ?"

"கூடாது" என்றார் ஜெயராம், அடியிலிருந்து.

"பின்ன எதுக்கு?"

"பார்க்க நன்னா இருக்கும்."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினார்.

நாலு மணிக்குச் சக்கரம் ஏறியது. ஆறு பேர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். நாலே காலுக்குக் கோதண்டபாணி கிளம்பினார்.

காரியங்கள் முடிந்த மறுநாள் ஸ்ரீலக்ஷ்மி டேப்பை எடுத்துப்போய் அளந்தாள். தரையிலிருந்து இடது மட்கார்டு இருபத்திரண்டரை அங்குலம், வலதும் இருபத்திரண்டரை. காரியங்களுக்கு நடுவே போன வாரம் அளந்தபோதும் அதேதான்.