சீனித்தாய் கடையில் நாலாவது ராத்திரி

பகல் முழுக்கக் கதவைத் தாழ்போட்டுக் கிடக்கிறவனுக்கு ராத்திரிதான் வயிறு திறக்கும். சுடலைமணிக்கு இருபத்தேழு நாளாக அப்படித்தான். கோவில்பட்டியில் ஒரு லாட்ஜ் அறை, காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து, மறுபடி அறை. ஜாமீன் கொடுத்த கோர்ட்டு போட்ட கண்டிஷன் அது. முப்பது கையெழுத்தில் இன்னும் மூன்றுதான் பாக்கி. முடித்துவிட்டால் குளத்தூருக்குப் பஸ் ஏறிவிடலாம். அங்கே பெண்டாட்டி இசக்கிசெல்வி காத்திருக்கிறாள். அவன் ஜெயிலில் கிடந்தபோது அவள் பெற்ற பெண்பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

கொலை வழக்கு. பொய் வழக்கு இல்லை, வெட்டியது இவன்தான். உப்பளத்தில் எந்த லாரிக்கு முதலில் லோடு ஏற்றுவது என்று கிளம்பிய வாய்ச்சண்டை. இன்னொரு லாரிக்காரன் செண்பகராஜ் இவன் சட்டையைப் பிடித்தான். இவன் லாரி சீட்டுக்கு அடியில் கிடந்த அரிவாளை எடுத்தான். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. இரண்டாவது வெட்டுக்குத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் வெட்டினான். வெள்ளை உப்புக் குவியலில் ரத்தம் ஊறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. லோடு ஏற்றுகிற சங்கதிக்கு ஓர் உயிர். கேட்டால் காறித் துப்பத்தான் தோன்றும்.

வக்கீல் நவநீதகிருஷ்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“தம்பி, கோர்ட்டு உன்னைய வெளிய விட்டிருக்குன்னு நெனைக்காத. நீ எங்கன இருப்பேன்னு செத்தவன் அண்ணனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்திருக்கு. ஸ்டேஷனுக்கு ஆட்டோவுல போ, ஆட்டோவுல வா. ஒரே கடையில ரெண்டு நாளு சாப்பிடாத. பழக்கம் வந்துச்சுன்னா செத்தே.”

செத்தவனின் அண்ணன் தங்கப்பாண்டியன். தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்தபோது மொட்டைத் தலையோடு நின்று, “அவன் தலை விழாம என் தலையில முடி வளராது” என்று சொன்னவன். நாலு மாதமாக மழித்துக்கொண்டே இருக்கிறான் என்று ஊரிலிருந்து சேதி வந்துகொண்டிருந்தது.

வக்கீல் பேச்சைச் சுடலைமணி தட்டவில்லை. பதினோரு மணிக்கு மேல் வெளியே வருவான், தினம் ஒரு கடை. நடுராத்திரியில் சோறு போடுகிறவர்கள் எல்லாரும் தர்மவான்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவன் போட்ட பரோட்டாவைப் பிய்க்க இரண்டு கையும் பத்தவில்லை. பைபாஸில் ஒருவன் காலையில் மிஞ்சிய சாம்பாரில் மிளகாய்த்தூளைக் கொட்டி அதற்குச் சால்னா என்று பெயர் வைத்திருந்தான். இன்னொருவன் கொடுத்த பிரியாணி விடியும்வரை இவனைக் கக்கூஸில் உட்கார வைத்தது. தங்கப்பாண்டியனுக்கு முன்னால் கடைக்காரர்கள் முந்திக்கொள்வார்கள் போலிருந்தது.

இருபத்து நாலாம் நாள்தான் சீனித்தாய் கடை கண்ணில் பட்டது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. தீப்பெட்டி குடோன் சுவரை ஒட்டி ஒரு தள்ளுவண்டி, ஒரு பெஞ்சு, ஒரு பல்பு. ஐம்பது வயதுப் பெண், ஒற்றை ஆளாக நின்று வியாபாரம் பார்த்தாள். பத்து மணிக்குத் திறந்தால் இரண்டு மணி வரை தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறவர்களும் லாரிக்காரர்களும் வந்துபோவார்கள். பெரிய அலுமினியச் சட்டியில் குடல் குழம்பு கொதித்துக்கொண்டே கிடக்கும். கொதிக்காத குழம்பை அவள் யாருக்கும் ஊற்ற மாட்டாள்.

முதல் வாய் வைத்ததும் சுடலைமணிக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகுக் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். நாலு மாதமாக அவன் தின்றதெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டே தின்ற சோறு. அன்றைக்குத்தான் தட்டைப் பார்த்துத் தின்றான். எட்டு இட்லி உள்ளே போனது. ஒன்பதாவது வேண்டாம் என்று சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

மறுநாள் வேறு கடைக்கென்று கிளம்பி அந்தச் சந்திலேயே போய் நின்றான். அதற்கு மறுநாளும் அதே கதைதான். அந்த மூன்றாம் ராத்திரி, “அக்கா, கொஞ்சம் கல்லுப்பு குடுங்க” என்று கேட்டபோது சீனித்தாய் சிரித்துவிட்டாள்.

“மூணு நாளா பாக்கேன், என் குழம்புல உப்பு போட்டுத்தான் தின்னுத. உப்பளத்து வேலையா உனக்கு? உப்பு லாரிக்காரவியளும் இப்படித்தான் கேப்பாவ. குளத்தூர்ப் பக்கமாய்யா?”

அவன் தட்டை விட்டு நிமிரவில்லை. “இல்லக்கா, விருதுநகரு” என்றான்.

“விருதுநகர்க்காரன் பேச்சா இது? சரி, சொல்லாட்டி போ. வயித்துக்குத் தின்னு.”

அன்றைக்கே அந்தக் கடையைத் தலைமுழுகியிருக்க வேண்டும். முழுகத்தான் முடிவு செய்தான். மறுநாள் ராத்திரி பிஸ்கட் பாக்கெட்டோடு கட்டிலில் படுத்தான். பதினொன்றரை மணிக்கு எழுந்து சட்டையை மாட்டினான். கடைசி ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உயிருக்குப் பயந்தவன் நாக்கையாவது கட்டி வைத்திருக்க வேண்டாமா? இவனுக்கு அந்தத் துப்பும் கிடையாது.

பெஞ்சில் மூன்று பேர் முதுகைக் காட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவன் தலையில் துண்டு கட்டியிருந்தான். பெஞ்சு ஓரத்தில் இடம் இருந்தது. சுடலைமணி உட்கார்ந்தான். சீனித்தாய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“வாய்யா, வா. இன்னைக்கு வராம போயிருவியோன்னு நெனைச்சேன்” என்று தட்டில் இட்லியை வைத்தாள். “இவிய வந்ததுல இருந்து கேக்காவ, எங்க குளத்தூர்ப் பக்கத்து ஆளு யாரும் இங்கன சாப்பிட வருவாவளான்னு. ஒரு தம்பி வருவான், உப்பு கேட்டு வாங்கித் தின்பான்னு உன்னையத்தான் சொன்னேன். ஊர்க்காரவியளப் பாத்தா உனக்கும் சந்தோசந்தானய்யா?”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அசலூரில் தனியாகத் தின்கிறவனுக்கு ஊர்க்காரனைக் காட்டிக்கொடுப்பதை நம் பக்கத்தில் எல்லாரும் உபகாரமாகத்தான் செய்கிறோம்.

நடுவில் இருந்தவன் அவசரப்படவில்லை. கடைசி இட்லியால் தட்டை வழித்துத் தின்றான். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தான். பல்பு வெளிச்சத்தில் மொட்டைத் தலை பளபளத்தது.

“குழம்பு நல்லாருக்குக்கா” என்றான் தங்கப்பாண்டியன். சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவினான்.

சுடலைமணி தட்டைத் தூக்கித் தடுத்தான். அரிவாள் தட்டைக் கிழித்து இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு போனது. எழுவதற்குள் மற்ற இருவரும் அவனை பெஞ்சோடு சாய்த்தார்கள். ஒருவன் காலைப் பிடித்தான், ஒருவன் தலைமயிரைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தான். அடுத்த வெட்டு கழுத்துக்கு வந்தது. அவன் திமிறியதில் தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. தங்கப்பாண்டியன் அவன் நெஞ்சில் காலை வைத்து அரிவாளைப் பிடுங்கினான்.

“ஏலே, எவன் கடையில வந்து என்னல செய்யுதிய!”

சீனித்தாய் கரித்துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பு அவ்வளவும் தங்கப்பாண்டியன் தலையில் கொட்டியது. அவன் போட்ட சத்தத்தில் சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. மற்ற இருவர் மேலும் தெறித்ததில் கையை உதறிக்கொண்டு அவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். தங்கப்பாண்டியன் முகத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டான். உள்ளங்கையோடு தோல் உரிந்து வந்தது.

“கண்ணு போச்சே, யம்மா, கண்ணு தெரியலயே!”

அரிவாள் சுடலைமணியின் காலடியில் கிடந்தது. அவன் குனிந்து எடுத்தான்.

“அதைப் போட்டுட்டு ஓடுய்யா!” என்று கத்தினாள் சீனித்தாய். “ரெண்டு தெரு தள்ளித்தான் ஸ்டேஷன். ஓடு! நான் சாட்சி சொல்லுதேன். இவனால இனி எந்திரிக்க ஏலாது.”

ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் இவன் வெட்டுப்பட்டவன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருப்பார்கள். மூன்று கையெழுத்தும் எப்படியோ முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குள் ஓடியது ஒரே கணக்கு: இவன் பிழைத்தால் திரும்ப வருவான். அதைப் பயம் என்று சொன்னாலும் தகும், வெறி என்று சொன்னாலும் தகும். மகள் முகம் நினைவுக்கு வந்து கையைத் தடுக்கவில்லை. பார்த்திருந்தால்தானே வருவதற்கு.

வெட்டினான். கண் தெரியாதவன் வெட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தப்பான பக்கம் கையை நீட்டினான். அந்தக் கையையும் வெட்டினான். சீனித்தாய் ஓடிவந்து சுடலைமணியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். முழங்கையால் அவளை இடித்துத் தள்ளினான். அவள் கொட்டிக் கிடந்த குழம்பில் போய் விழுந்தாள். மூன்றாவது வெட்டில் தங்கப்பாண்டியனின் சத்தம் நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு வெட்டு.

போலீஸ் வந்தபோது சுடலைமணி குடோன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அரிவாளை மடியிலேயே வைத்திருந்தான். தினமும் காலையில் அவனிடம் கையெழுத்து வாங்கும் ஏட்டையா அவனை அடையாளம் தெரிந்து, “நாசமா போனவனே, மூணு நாளுதானல இருந்துச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சுடலைமணி அவரைப் பார்க்கவில்லை. வெந்த முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி நின்ற சீனித்தாயைத்தான் பார்த்தான்.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. அவன்தான மொதல்ல வெட்ட வந்தான்?”

“ஆமா, அவன்தான் வந்தான். அதையும் சொல்லுவேன், நீ செஞ்சதையும் சொல்லுவேன்” என்றாள் சீனித்தாய். “ஒரு உசுரு போகக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டியத் தூக்குனேன். கடைசியில நான் அவன் கண்ணை அவிச்சு, அவனை உன் கையில பிடிச்சுல்லா குடுத்திருக்கேன்.”