மூன்று நாள் காற்று

தொலைக்காட்சியில் வசந்தகால வானிலை சொன்ன பெண் நன்றாகத்தான் சிரித்தாள். வடகடலோரத்தில் வரும் மூன்று மாதமும் மழை வழக்கமான அளவில் இருக்கலாம், சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றாள். தெல்வா ரிமோட்டை எடுத்து அவள் வாயை அடைத்தாள். இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு வரைபடம், ஒரு நல்ல சட்டை வேறு.

தெல்வாவுக்கு உறுதியான பதில் தேவைப்பட்டது. வீட்டுக்குக் கீழே, கடலைப் பார்த்துச் சரியும் நிலத்தில் அறுபத்திரண்டு ஆப்பிள் மரங்கள் நின்றன. எல்லாம் சைடர் என்னும் ஆப்பிள் மதுவுக்கென்றே நட்ட புளிப்பு ஆப்பிள். போன இரண்டு வசந்தத்திலும் பூத்த வேளை பார்த்துத் தூறல் பிடித்துக்கொண்டது. தேனீக்கள் கூட்டைவிட்டு வெளியே வரவில்லை, பூவெல்லாம் கறுத்து உதிர்ந்தது. சைடர் ஆலைக்கு அனுப்ப ஒரு மூட்டைகூடத் தேறவில்லை.

நிலத்தில் பாதி அண்ணன் லவுரியானோவுக்கு. ஹிஹோன் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் வாயில் இனிப்போடு இருக்கும்போது அவன் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"வெட்டிடலாம் தெல்வா. தைலமரம் வச்சா நீ திரும்பிக்கூடப் பாக்க வேண்டாம். அது பாட்டுக்கு வளரும்."

"உனக்கென்ன, டவுன்ல உக்காந்துகிட்டுச் சொல்லுவ. காலையில ஜன்னலைத் திறந்தா நான் தைலமரம் மூஞ்சியிலயா முழிக்கணும்?"

குரல் ஏற ஏற, அண்ணி ஓசையில்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அரை மணி நேரம் கத்தி ஓய்ந்த பிறகு லவுரியானோ மேசையைத் தட்டினான்.

"சரி, தெம்போரா சொல்லட்டும். தெற்குக் காத்து அடிச்சா மரம் இருக்கட்டும். வடமேற்கு அடிச்சா, பூ எடுக்கிறதுக்கு முன்னாடி வெட்டியாச்சு. பேச்சு மாறக் கூடாது."

தெல்வா கை கொடுத்தாள். அந்தக் கரையில் பிறந்த யாரும் அதற்கு மேல் வாதாட மாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தின் முதல் ஞாயிறு கழிந்து வரும் புதன், வெள்ளி, சனிதான் தெம்போரா. அந்த மூன்று நாளும் எந்தக் காற்று ஓங்கி வீசுகிறதோ, வசந்தம் முழுக்க அதன் ராஜ்ஜியம். தெற்கு என்றால் வெயில், வடமேற்கு என்றால் மழை. பாதிரியாரின் பிரசங்கத்தில் தூங்கி வழிகிறவர்கள்கூட அந்த மூன்று நாளும் புகைபோக்கியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. அந்த வாரச் சனிக்கிழமையே லவுரியானோவின் கார் வாசலில் வந்து நின்றது. அவன் இறங்கி, முற்றத்தில் நின்று, புகை கடல் பக்கம் சாய்வதைப் பார்த்தான்.

"தெற்கு! புதனும் வெள்ளியும் ஹிஹோன்லயும் இதேதான் அடிச்சுது. தெம்போரா தீர்ப்பு சொல்லிருச்சு. மரம் இருந்துட்டுப் போகட்டும்."

தெல்வா வாயைத் திறந்தாள். முதல் ஞாயிறே நாளைக்குத்தானே! இந்த மனுஷன் சாம்பல் புதனிலிருந்து எண்ணித் தொலைத்திருக்கிறான், ஒரு வாரம் முந்திவிட்டான். திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் சாப்பாடு போட்டாள். கொண்டைக்கடலையும் கீரையும் உப்புமீனும் போட்ட தவக்காலக் குழம்பை அவன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, அவசரமாகக் கிளம்பிப் போனான்.

திங்கட்கிழமை, தேனீ வளர்க்கும் எர்மினியோ வேலியோரம் வந்து நின்றான்.

"உங்கண்ணன் ஈஸ்டரையே ஒரு வாரம் முன்னாடி இழுத்துட்டாராமே?"

"வாயை மூடு எர்மினியோ."

"நான் மூடிக்கிறேன் தாயி. காத்து மூடுமா?"

காற்று மூடவில்லை. புதன்கிழமை வடமேற்கு. வெள்ளிக்கிழமையும் அதுவே, கூடவே தூறல். சனிக்கிழமை புகை எழும்பவே முடியாமல் ஓட்டுக்கூரையில் படுத்து மலைப்பக்கம் ஊர்ந்தது. தெல்வா பத்துத் தடவை வெளியே வந்து பார்த்தாள், பத்துத் தடவையும் முகத்தில் ஈரம் அறைந்தது. மழை அவளுக்குப் பழக்கம்தான். அண்ணனை ஏமாற்றியது பழக்கமில்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல், சும்மா இருந்தே ஏமாற்றியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. தோட்டத்துக்குள் போகவே கூசியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"அண்ணே, நீ வாரத்தைத் தப்பா எண்ணிட்ட. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. நெஜ தெம்போரா இப்பதான் முடிஞ்சுது. மூணு நாளும் வடமேற்கு. பேச்சுன்னா பேச்சு. மரம் வெட்டுற ஆளைக் கூட்டிட்டு வா." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

மறுமுனையில் ஒரு இருமல்.

"ஏண்டி, பதினெட்டு வருஷம் அப்பாகூட நின்னு காத்துப் பாத்தவன் நான். எனக்கு வாரம் எண்ணத் தெரியாதா?"

தெல்வாவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. "அப்புறம் ஏன் வந்த?"

"கிறிஸ்துமஸ்ல எல்லார் முன்னாலயும் கத்தித் தொலைச்சேன். கத்துனதை எப்படி வாபஸ் வாங்குறது? அன்னைக்குத் தெற்குக் காத்து அடிச்சுது, இதை விட்டா கிடைக்காதுன்னு வண்டியை எடுத்துட்டேன். நீ கண்டுபிடிச்சிருவியோன்னு பயந்து பயந்துதான் சாப்பிட்டேன்."

"பயந்தவன் ரெண்டு தட்டு சாப்பிட்டியா?"

"பயந்தா எனக்குப் பசிக்கும்."

அழுதுகொண்டே சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெல்வாவுக்கு அன்றுதான் தெரிந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "ஆனா மழை வருமே அண்ணே," என்றாள்.

"வரட்டும். எர்மினியோ கூடெல்லாம் மலைமேல இருக்கு. வெயில் எட்டிப் பாக்கிற அரை மணியில அதுங்க எப்ப இறங்கி, எப்பத் தோட்டத்துக்கு வரும்? இந்தத் தடவை கூட்டை மரத்தடியிலயே கொண்டாந்து வைக்கச் சொல்லு. தூறல் விட்டா வாசல்லயே பூ. நானும் வரேன், தூக்க ஆள் வேணும்ல."

காற்று சொன்னபடியே மே மாதம் நனைந்தது. பூவெல்லாம் விரிந்து நிற்க, ஒன்பது நாள் மரத்தடிக்குக் கொண்டுவந்த தேனீப் பெட்டிகளின் மேல் தூறல் தட்டிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் மதியம், கடல்மேல் மேகம் கொஞ்சம் விலகியது. அண்ணனும் தங்கையும் சமையலறையிலிருந்து ஓடிவந்து பெட்டி முன்னால் குந்தினார்கள். ஒரு தேனீ வெளியே வந்தது, வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டது. லவுரியானோ பேருந்து ஓட்டிய காலத்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். பிறகு மூன்று வந்தன. அப்புறம் எண்ண முடியவில்லை, தலைக்கு மேல் தோட்டம் முழுக்க ரீங்காரம்.

அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை தெல்வாவுக்கு நன்றாகவே வந்தது. எரிந்தால் எரியட்டும் என்று அங்கேயே இருந்தாள்.