வாசலைப் பார்த்து

அந்தச் சபையில் முதல் பாட்டை யாரும் மேடையைப் பார்த்துப் பாடுவதில்லை. எல்லோரும் எழுந்து, திரும்பி, வாசலைப் பார்த்து நிற்பார்கள். கதவு அகலத் திறந்திருக்கும். வருகிற தேவனுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று முதல் போதகர் தொடங்கிவைத்த வழக்கம். போதகர்கள் மாறினார்கள், வழக்கம் மாறவில்லை. புதிதாகப் படியேறி வருகிறவர்கள் அத்தனை முகங்களும் தங்களைப் பார்த்துப் பாடுவதைக் கண்டு மிரள்வார்கள். கீழே டயர் கடைக்கு வந்த ஒருவர், கழிவறை எங்கே என்று கேட்க ஏறி வந்து, பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கேட்காமலே இறங்கிப் போனார்.

பாட்டை எடுத்துக் கொடுப்பவள் தையல்காரி. மருத்துவமனைச் சீருடைகள் தைப்பவள். கதவுக்கு மிக அருகில் நிற்பாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மறுகோடியில், மேடையில், கீபோர்டு வாசிப்பான். அவள் முகம் அவனுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் பல்லவி, இரண்டு என்றால் சரணம், மூடிய கை என்றால் முடிக்கலாம்.

அவள் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போனது.

"பேசலாம், பாடலாம். பழைய குரலை மட்டும் எதிர்பார்க்காதீங்க" என்றார் மருத்துவர்.

வந்தது வேறொரு குரல். உப்புத்தாள் போலச் சொரசொரத்தது, ஆண்குரல் அளவுக்குக் கீழே கிடந்தது. போனில் அவளை 'சார்' என்றார்கள். அவளும் சாராகவே பேசி வைத்தாள்.

சபைக்குத் திரும்பும் முதல் ஞாயிறு. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் இடத்தில் நின்று அந்தப் பாட்டை எடுக்க வேண்டும்.

"அண்ணி, இன்னைக்கு நான் எடுத்துக் கொடுக்கறேன். நீங்க உட்காருங்க" என்றாள் நாத்தனார். இத்தனை வருடமும் பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடியவள்.

"உட்கார வைக்க நான் என்ன பொம்மையா?"

"எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க அண்ணி. எனக்குத் தாங்காது."

"அப்படிச் சொல்லு. என் தொண்டைக்காக இல்ல, உன் கௌரவத்துக்காக."

கணவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "வரவேற்கிற பாட்டும்மா. நல்ல குரலாக் கொடுப்போமே."

"உங்கப்பா வீட்டுக்கு வந்தா, தொண்டை கட்டியிருக்குன்னு 'வாங்க'ன்னு சொல்லாம நிப்பீங்களா?"

அவன் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

"கேட்க வேண்டியதைக் கேட்டுட்டேன்."

ஆனால் அண்ணனும் தங்கையும் போதகரிடம் முன்பே பேசி வைத்திருந்தார்கள். போதகர் நாத்தனாரைக் கதவருகே நிறுத்தினார். தையல்காரிக்கு மரியாதையாக முதல் வரிசையில் நாற்காலி, மேலே ஒரு மெத்தை. எல்லோரும் திரும்பியதும் முதல் வரிசை கடைசி வரிசையானது.

நாத்தனார் எடுத்தாள். எட்டாத உயரத்தில் எடுத்தாள். அண்ணியின் குரலைப் பிடித்துக்கொண்டே பாடிப் பழகியவள், தனியாக எங்கே தொடங்குவது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கீபோர்டு வழக்கமான சுருதியில் போனது. விரல் காட்ட வேண்டும் என்பதே அவளுக்கு நினைவில்லை. குரலும் கீபோர்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பெண்கள் இரண்டாம் வரியில் கழன்றார்கள். ஆண்கள் எப்போதுமே முணுமுணுப்பவர்கள், அதையும் விட்டார்கள்.

பாட்டு நின்றது. திறந்த கதவைப் பார்த்தபடி எல்லோரும் சும்மா நின்றார்கள். விருந்தாளியை வரச் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்த வீடு போலிருந்தது.

தையல்காரி எழுந்தாள். கணவனிடம், "சுருதியை இறக்குங்க. இன்னும். கீழ்த்தளம் வரைக்கும் இறக்குங்க" என்றாள். மெதுவாகப் பேசத்தான் நினைத்தாள். இந்தக் குரலுக்கு அது வரவில்லை. யாரோ சிரித்தார்கள். அவள் கூட்டத்தின் நடுவே நடந்து கதவருகே போனாள்.

"அண்ணி, கெடுத்துட்டேன்."

"அப்புறமா அழு. அவர் வாசல்ல நிக்கிறார்."

நாத்தனார் விலகப் போனாள்.

"எங்க போற? பக்கத்துல நில்லு."

தையல்காரி எடுத்தாள். சரளைக் கல்லில் வண்டி ஏறியது போல வந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் வரியில் ஆண்கள் சேர்ந்தார்கள். முதல் தடவையாக அவர்களுக்கு எட்டும் இடத்தில் பாட்டு இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தரை அதிர்வது காலில் தெரிந்தது. மறுகோடியிலிருந்து கணவனின் குரல் வந்தது. அந்தக் குரலை அவள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறாள்.

சரணத்தில் உயரமான வரி வந்தது. வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அது அவள் எதிர்பார்த்ததுதான். நாத்தனாரின் கையைத் தட்டினாள். நாத்தனார் அந்த வரியை எடுத்தாள். சபை முழுதும் கீழே தாங்கியது, அவள் தடுமாறாமல் மேலே போனாள்.

அந்த வரி முழுவதும் தையல்காரி கேட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமும் அவள் காதில் அவள் குரல்தான் விழுந்தது. பின்னால் இவ்வளவு பேர் இருந்தது அவளுக்குத் தெரியாது. அவரை வரவேற்க இந்தச் சத்தம் போதும் என்று நினைத்தாள். போதும் என்ன, இன்னும் வேண்டும் என்று நினைத்தாள்.

பாட்டு முடிந்தது. பிரசங்கத்துக்காகப் போதகர் மேடைப் பக்கம் திரும்பினார்.

"பாஸ்டர், எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் முடியல."

தையல்காரி பல்லவியை மறுபடி எடுத்தாள். போதகர் வந்து வாசலைப் பார்த்து நின்றார். அவருக்குத் தாளம் வராது. கை தட்டினார்.