சொந்த வேலை

கண்காணிப்பாளர் திருமூர்த்திக்கு வந்ததே கோபம். மூன்று வருடம் கோச்சிங் கிளாஸில் தவம் கிடந்து வாங்கிய அரசாங்க வேலையை எட்டே மாதத்தில் விடுகிறேன் என்கிறாள் ஷ்ரவ்யா. ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று ஒரே வரி.

“ஏங்கண்ணு, இந்த வேலைக்கு எத்தன பேரு ஏங்கீட்டிருக்காங்க தெரியுமா? இங்க உனக்கு என்ன கொறை?”

“ஒண்ணுமில்லீங்க சார்.”

எதற்கெடுத்தாலும் சொந்தம்! யார் வெளியே போனாலும் நடமாட்டப் பதிவேட்டில் நேரமும் காரணமும் எழுத வேண்டும் என்பது திருமூர்த்தி கொண்டுவந்த சட்டம். இவள் தினமும் பதினொன்றரைக்கு ‘சொந்த வேலை’ என்று எழுதிவிட்டு இருபது நிமிடம் காணாமல் போவாள். போன மாதம் எல்லார் முன்னாலும் கேட்டார்: “அப்படி என்ன அம்மணி தெனமும் சொந்த வேலை? யாராச்சும் காத்துட்டிருக்காங்களா?” ஆண்கள் சிரித்தார்கள். குனிந்தவள் நிமிரவில்லை. கையோடு ஒரு மெமோவும் கொடுத்தார்.

ராஜினாமா கொடுத்த அன்றும் பதினொன்றரைக்குப் பிறகு பதிவேடு அவர் மேசைக்கு வந்தது. இனி என்ன பயம் என்று நினைத்தாளோ என்னவோ, காரணம் எழுதும் கட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தாள்: ‘கழிப்பறை, சூலூர் பஸ் ஸ்டாண்டு.’

அதற்குக் கீழே, அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் சுப்பாத்தாளின் கையெழுத்து. நான்கு வருடமாக ‘மருந்து வாங்க’ என்றே எழுதி வந்தவர், இன்று ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘மேற்படி.’

திருமூர்த்திக்கு முகம் எரிந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார் என்று, பழைய கோப்புக் கட்டுகளைப் பெண்கள் கழிப்பறையில் அடுக்கிப் பூட்டச் சொன்னது அவர்தான். ஆய்வு முடிந்ததும் மறந்துபோனார். அவர் அறையில் தனிக் கழிப்பறை இருந்தது, மறக்க வசதியாக இருந்தது. ஷ்ரவ்யா தண்ணீர் குடித்து ஒருநாளும் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. எதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தோம் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

பியூனைக் கூப்பிடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தும்மித் தும்மித் தானே எல்லாக் கட்டுகளையும் வெளியே தூக்கிப் போட்டார். சாவியைக் கொண்டுபோய் ஷ்ரவ்யாவின் மேசையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தப்பு என்ர மேலதான் கண்ணு. அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டறட்டுமா?”

அவள் சாவியை எடுத்துச் சுப்பாத்தாளிடம் கொடுத்தாள்.

“அக்காளுக்கு ஆவுமுங்க சார். நீங்க கேட்டப்பச் சிரிச்சவங்க எல்லாரும் இங்கதானுங்களே இருக்காங்க. கடுதாசிய அனுப்பிப்போடுங்க.”