ஹோலோகிராபி மிஸ்

ஓட்டமாவடியைச் சேர்ந்த ரிப்கா பௌதிக விரிவுரையாளர். ஹோலோகிராபியில் முனைவர் பட்டம் பெற்றவள். ஓர் இடத்துக்குள் இருக்கும் அத்தனை விபரத்தையும் அதைச் சூழ்ந்த பரப்பிலேயே எழுதிவிட முடியுமா, அந்த இடம் தொடர்ச்சியானதா, மிகச் சிறிய துண்டுகளால் ஆனதா என்பதெல்லாம் அவளுடைய ஆய்வு. மட்டக்களப்பு அறிவியல் கண்காட்சிக் குழுத் தலைவர் யோகராசா, ஆய்வுத் தலைப்பின் முதற்சொல்லை மட்டும் வாசித்துவிட்டு அவளுக்குப் போனில் கோல் எடுத்தார்.

"மிஸ், பிரதம விருந்தினருக்கு வர ஏலாதாம். அவர் கொழும்பில இரிக்கக்குள்ளயே இஞ்ச மேடையில நிக்க வைக்கோணும். நீங்க ஹோலோகிராபி, வெளிச்சத்தில ஆளைக் காட்டுற வேலைதானே?"

"சேர், அது வேற. என்ட வேலை முழுக்கக் கணக்கு."

"கணக்கை நாங்க பாத்துக்கொள்றம். நீங்க ஆளைக் கொண்டாங்க."

அவள் மறுத்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய பேச்சுக்கும் நேரம் தருவதாகச் சொல்லிச் சமாளித்த யோகராசா, கலியாண வீடுகளுக்கு லைட் கட்டும் றிஸானைப் பிடித்தார். றிஸான் மேடையில் நுளம்பு வலையைப் போன்ற மெல்லிய துணியை விரித்துக் கட்டி, அதில் படத்தை விழுத்தினார்.

விருந்தினர் தோன்றினார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பலத்த கைதட்டல். "அன்பார்ந்த" என்று தொடங்கியதும் இணையம் இழுபட்டது. முகம் கட்டங் கட்டமாக உடைந்து, வாய் நெற்றிக்குப் போய்விட்டது.

யோகராசா மைக்கைப் பிடுங்கினார். "ஒருத்தரும் பயப்பட வேணாம்! இடம் எண்டது துண்டு துண்டானது எண்டு எங்கட ரிப்கா மிஸ் கண்டுபிடிச்சிரிக்கிறா. அதத்தான் இப்ப நேரில பாக்கிறீங்க!"

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. ரிப்காவை மேடைக்கு இழுத்து வந்து பொன்னாடை போர்த்தினார்கள்.

"இதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்றாள் மைக்கில், மிகத் தெளிவாக.

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" யோகராசா கண்ணைத் துடைத்தார்.

இரண்டு மணிக்கு அவளுடைய பேச்சு. புரியாணிப் பார்சல்கள் முடிந்ததோடு சனமும் முடிந்திருந்தது. யோகராசா முன்வரிசையில் இருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு எழுந்து போனார். துணியை அவிழ்க்க ஏறிய றிஸான் மட்டும் ஏணியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையை உயர்த்தினார்.

"மிஸ், உள்ள இரிக்கிற எல்லாத்தையும் சுத்திவர உள்ள பரப்பிலயே எழுதலாமெண்டா, 'உள்ள' எண்டு ஒண்டு உண்மையா இரிக்கா?"

அன்று முழுக்க அவளிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

"அஞ்சு வருசமா நானும் அதத்தான் தேடுறன்," என்றாள். "இறங்கி வாங்க றிஸான் நானா, தாளில கீறிக் காட்டுறன்."

நான்கு மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வந்தவர், இன்னும் கீறிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.