முப்பத்தொன்றாம் கேள்வி

நேர்காணலுக்கு முன்னால் நாற்பது கேள்வி. போனிலேயே பதில் தட்டவேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான். தேறினால் கூப்பிடுவார்கள். தேறாவிட்டால் அதோடு சரி.

இரட்டைமூட்டை கட்டிலில் மல்லாந்து கிடந்தான். உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சிமெண்டுக் கிடங்கில் எல்லாரும் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று சுமந்தபோது அவன் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுமந்தான். அப்படி வந்த பேர். இருபத்திரண்டு வருஷம் சுமந்தான். போன மாதம் கிடங்கைப் பூட்டினார்கள். பூட்டிய கையோடு, கிடங்குக்காரர்களின் லைன் வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

புதிதாக வந்த பார்சல் கம்பெனியில் வேலை கிடைத்தால் தங்க ஒரு அறையும் தருகிறார்கள். அதற்குத்தான் இந்த நாற்பது கேள்வியும்.

போன் அவன் மனைவி கையில் இருந்தது. கட்டிட வேலையில் சாந்துச்சட்டி தூக்குகிறவள். எட்டாவது வரை படித்தவள் என்பதால் வீட்டில் எழுத்து வேலையெல்லாம் அவள் தலையில்தான்.

"ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று வாசித்தாள்.

"பன்னிரண்டு நாள் கழிச்சு எங்கேன்னே தெரியல. இவனுக்கு அஞ்சு வருஷக் கணக்கு வேணுமாம்."

"ஒழுங்கா சொல்லுய்யா. இதே நிறுவனத்தில்னு மேலயே போட்டிருக்கான்."

"அப்ப அதையே அமுக்கு. வேணாம்னா சொல்லப்போறேன்?"

"மேலதிகாரி உங்களைத் திட்டினால் என்ன செய்வீர்கள்?"

"திரும்பத் திட்டுவேன், அவன் போனதுக்கப்புறம்."

அவள் சிரித்துவிட்டாள். 'பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன்' என்பதை அமுக்கினாள்.

பதினேழாம் கேள்வியில் சிரிப்பு நின்றது. முதுகு, இடுப்பு, மூட்டு வலி உண்டா என்று கேட்டிருந்தான். அவள் கட்டிலைப் பார்த்தாள். காலையில் அவனைப் புரட்டி உட்காரவைத்தவளே அவள்தான்.

"இல்லைன்னு போடு" என்றான்.

"நேர்ல பார்த்தா தெரிஞ்சிடாதா?"

"நேர்ல போற அன்னிக்கு மாத்திரை போட்டுக்கிறேன். நீ அமுக்குடி."

அமுக்கினாள். அடுத்த பத்துப் பன்னிரண்டு கேள்வி தடதடவென்று ஓடியது. குடிப்பீர்களா, இல்லை. சங்கத்தில் இருந்தீர்களா, இல்லை. கூட வேலை செய்பவர் திருடினால் சொல்வீர்களா, சொல்வேன். பொய் சொல்லச் சொல்ல அவளுக்கே கை பழகிவிட்டது.

"முப்பத்தொண்ணு. உதவி இல்லாமல் தனியாக ஒரே நேரத்தில் எவ்வளவு எடை தூக்குவீர்கள்? இருபத்தஞ்சு, அம்பது, எழுபத்தஞ்சு, நூறு கிலோ."

"நூறு."

"யோவ், நேத்து தண்ணிக் குடத்தையே பாதியில இறக்கி வச்சியே!"

"அது நேத்து. நூறுன்னு போடு."

"அம்பது போடறேன்யா. அதே பெரிய பொய்."

அவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். முகம் கோணியது. "உனக்கு இந்தத் தொழில் தெரியாது. முதல் நாள் மேஸ்திரி என்னைப் பார்த்து இதையேதான் கேட்டான். என் கூட வந்தவன் ஒரு மூட்டைன்னான். போய் கூட்டுன்னு துடைப்பத்தைக் குடுத்தான். நான் ரெண்டுன்னேன். அன்னிக்கே சேர்த்துக்கிட்டான். குறைச்சுச் சொன்னவனை எவன் எடுப்பான்?"

சாந்துச்சட்டியிலும் அதே கதைதான். நூறை அமுக்கினாள்.

அடுத்ததும் அதை ஒட்டியே வந்தது. பெட்டி கனமாக இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை, என்ன செய்வீர்கள்?

"நானே தூக்குவேன்னு போடு. ஆளைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறவனெல்லாம் ஒரு வேலைக்காரனா?"

நாற்பதும் முடிந்தது. அனுப்பினாள். ஒரு வட்டம் சுற்றியது. இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தற்போது உங்களை நேர்காணலுக்கு அழைக்க இயலவில்லை.' ஏன் என்று ஒரு வரி இல்லை.

"ஒரு மனுஷன் படிச்சுப் பார்க்கற நேரம்கூட ஆகலையே" என்றாள்.

அவன் மறுபடி மல்லாந்துகொண்டான். "வயசு தெரிஞ்சிருக்கும்" என்றான் கூரையைப் பார்த்து.

மதியம் பக்கத்து வீட்டுக் கொக்கி வந்தான். கிடங்கில் மூட்டைக்குக் கொக்கி போடுகிறவன். ஒரு மூட்டை சுமக்கவே மூச்சு வாங்குகிற ஆள். எழுத்து வாசனை கிடையாது. போனை நீட்டினான்.

"அண்ணி, இது என்னமோ வந்திருக்கு. வேணாம்னு சொல்றானா பாருங்க."

அவள் வாசித்தாள். "வர்ற செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கு வரச்சொல்றான்."

"என்னையா!" கொக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு எழுத்து தெரியாம, எல்லாத்துக்கும் மேல இருந்ததையே அமுக்கினேன் அண்ணி!"

கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் குரல் இறங்கியது. "'எங்கள் நிறுவனத்தில் யாரும் தனியாக இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கனமான பெட்டிக்கு இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டும். மீறினால் அன்றே வேலை போகும்.'"

கொக்கி சிரித்தான். "காத்திருக்கறதுக்கும் சம்பளமா! அண்ணே, உனக்கு எப்ப வரச்சொல்லியிருக்கான்?"

கட்டிலில் கிடந்தவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கொக்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடினான்.

அவன் போனதும் அவள் மறுபடி முயன்று பார்த்தாள். இந்த நம்பரிலிருந்து இனி விண்ணப்பிக்க முடியாது என்று வந்தது.

"இப்ப நிஜமா எவ்வளவுய்யா தூக்க முடியும் உன்னால?"

"இருபது. இருபத்தஞ்சு இழுத்துப் பிடிக்கலாம்."

அவள் மூலையில் கிடந்த பழைய சிமெண்டுச் சாக்கை உதறி, தினமும் புழங்காத பாத்திரங்களை அதில் போட ஆரம்பித்தாள். பன்னிரண்டு நாளில் எப்படியும் செய்யவேண்டிய வேலை. வாயைக் கட்டி முடித்தபோது அவன் இறங்கி வந்து சாக்கின் பக்கம் குனிந்தான். பழக்கத்தில் முதுகைத்தான் முதலில் கொடுத்தான். அப்படியே நின்றான்.

"அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்றான்.

பிடித்தாள். இரண்டு பேருமாக வாசல் வரை கொண்டுபோனார்கள். அதற்குமேல் எங்கே கொண்டுபோவது என்று இருவருக்கும் தெரியாததால் அங்கேயே இறக்கி வைத்தார்கள்.